தட்டச்சு உதவிக்கு நன்றி

6 நவம்பர் 2024, புதன்

காலையிலிருந்து இ-சேவைக் கடையில் சர்வர் இல்லை. நெசவாளர் அட்டைக்கு ஏழு பேர், முதியோர் உதவித்தொகைக்கு மூன்று பேர். "இன்னாம்மா, நேத்தும் இதைத்தான சொன்ன" என்று எல்லோரும் என்னையே திட்டினார்கள், ஏதோ அரசாங்கத்து சர்வரை நான் வீட்டுப் பரணில் ஒளித்து வைத்திருப்பதுபோல.

சும்மா உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில்தான் போனில் அந்தச் செய்தியைப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

பல்கலைக்கழகத்தில் நான் யாரிடம் வேலை பார்த்தேனோ, அந்த நெடுஞ்செழியன் சார் பொன்னாடையோடு நிற்கிறார். அவருடைய ஆய்வகம் 'நீர்விழி' என்று ஒரு மென்பொருளை உருவாக்கியிருக்கிறதாம். செயற்கைக்கோள் படத்தைக் கொடுத்தால் ஏரியில் எவ்வளவு பரப்புக்குத் தண்ணீர் நிற்கிறது என்று சொல்லிவிடுமாம். ஐந்து வருடத்துக்கு நிதி கிடைத்திருக்கிறது. "முழுக்க முழுக்க எங்கள் ஆய்வகத்தின் உழைப்பு" என்று பேட்டி.

யோவ். அது நான் எழுதின மென்பொருள். என்னோட 'மதகு'.

7 நவம்பர், வியாழன்

நீர்விழியை இறக்கித் திறந்து பார்த்தேன். பெயர்ப்பலகையை மாற்றியிருக்கிறார்கள், நிறத்தை மாற்றியிருக்கிறார்கள். உள்ளே வரிக்கு வரி நான். நடுநடுவே எனக்காக நான் எழுதி வைத்துக்கொண்ட குறிப்புகள்கூட அப்படியே கிடக்கின்றன: "இங்க ஜாக்கிரதை, கை வெச்சா போச்சு." இது எந்த ஆய்வகத்து உழைப்பு சார்?

மதகை நான் விற்கவில்லை. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், அதை வைத்து டாக்டர் பட்டமும் வாங்கலாம். ஒரே ஒரு நிபந்தனை, எழுதியவர் பெயர் இருக்க வேண்டும். பதினோரு நாட்டில் இருந்து கடிதம் வருகிறது. பிரேசில்காரர் பெயர் போடுகிறார், கென்யாக்காரர் போடுகிறார். எனக்கு எதிர் மேசையில் நான்கு வருடம் டீ குடித்த மனுஷனுக்குக் கை வரவில்லை.

2017-இல் வேலையை விட்டு என்னை அனுப்பியபோது அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "புராஜெக்ட் முடிஞ்சிடுச்சு லதா. மிஷின் வாங்க ஃபண்ட் இருக்கு, அதுல ஓடறத பாத்துக்க ஆள் வெக்கறதுக்கு இல்ல. அது ஆராய்ச்சி ஆகாதும்மா." அதற்கு அப்புறம் வந்த கட்டுரையில் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில்: தட்டச்சு உதவிக்கு நன்றி, திருமதி புஷ்பலதா.

தட்டச்சு!

இந்த ஆள் என் காலடிக்கு வரவேண்டும். எழுதி வைக்கிறேன்.

15 நவம்பர், வெள்ளி

பல்கலைக்கழகத்துக்கு மூன்று மெயில் போட்டாயிற்று. பதில் இல்லை. கடைக்கு வந்த வக்கீல் ஒருவரிடம் கேட்டேன். "இலவசமா குடுத்தத எடுத்துக்கினான்னு கேஸ் போடுவியாம்மா?" என்று சிரித்தார். அவருடைய பட்டா நகலை ஒரு வாரம் இழுத்தடிக்கலாமா என்று நினைத்தேன். செய்யவில்லை. நினைத்தேன்.

வீட்டில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். பட்டுப்புடவை வியாபாரிக்கு இது ஒரு விஷயமா? மடித்துக்கொண்டிருந்த புடவையில் இருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "நம்ம ஆரணியில இது புதுசா லதா? இந்தப் புடவை நாளைக்கு எந்த ஊர் பேர்ல விக்கும்னு எனக்கே தெரியாது. விடு."

விடவா? என் கல்யாணப் பந்தியில் எனக்கு வடை வைக்காமல் தாண்டிப் போனவனின் முகம் பதினாறு வருடமாக ஞாபகம் இருக்கிறது. நான் விடுகிற ஜாதி இல்லை.

19 நவம்பர், செவ்வாய்

இன்றைக்கு எனக்குத் தீபாவளி.

நீர்விழியில் 214-ஆம் வரி. 0.93. இருக்கிறது! எடுக்கவில்லை! மடையன்கள், எடுக்கவே இல்லை!

இதுவரை இதை யாரிடமும் சொன்னதில்லை. எழுதவும் கை கூசுகிறது. ஆனால் எழுதினால்தான் இந்தச் சந்தோஷம் புரியும்.

2015. மதகு சொல்வது சரிதானா என்று பார்க்க ஒரு ஏரியைக் காலால் நடந்து அளக்க வேண்டும். தேவிகாபுரம் ஏரிக்குப் போனோம், நானும் தம்பி ஜெயவேலும். கையில் ஜிபிஎஸ் கருவி, தண்ணீர் ஓரமாகவே சுற்றி வரவேண்டும். மேற்குக் கரையில் பனைமரத்தில் பெரிய தேன்கூடு. யாரோ கல் விட்டிருந்தார்கள், தேனீ கிளம்பி நின்றது. நான் ஓடினேன். "குறுக்க பூந்து போயிடலாம் வாடா, ஒரு மூலைதானே" என்று அந்த மூலையை விட்டுவிட்டு வந்தேன்.

நடந்த கணக்கு, மதகு சொன்னதைவிட நூற்றுக்கு ஏழு குறைவாக வந்தது. அந்த ஓட்டத்தில் மூலை மறந்துபோயிருந்தது. கால் பொய் சொல்லுமா, மென்பொருள்தான் கூட்டிச் சொல்கிறது என்று முடிவு கட்டி எல்லா ஏரிக்கும் 0.93-ஆல் பெருக்கச் சொல்லிவிட்டேன். பக்கத்தில், எந்த நாள் நடை என்று ஞாபகம் வர, ஒரு குறிப்பு: "தேனீ."

நான்கு வருடம் கழித்து, எங்கள் ஊர் ஏரியெல்லாம் சின்னதாக வருகிறதே என்று கென்யாவில் ஒரு மாணவி கேட்டபோதுதான் உறைத்தது. 2019-இல் அந்த எண்ணை எடுத்துவிட்டேன். 'சிறு திருத்தங்கள்' என்று மட்டும் எழுதினேன். அதற்குள் எத்தனையோ பேர் அந்தத் தப்பான எண்ணோடு கட்டுரை போட்டிருந்தார்கள். சொல்லியிருக்க வேண்டும். பயம். சம்பளமும் இல்லை, பின்னால் நிற்க ஒரு ஆளும் இல்லை. இருந்த நல்ல பெயர் ஒன்றுதான். அதையும் நானே போட்டு உடைப்பேனா?

சார் திருடியது 2017 பதிப்பு. என் தப்பையும் சேர்த்துத் திருடியிருக்கிறார். தமிழ்நாட்டு ஏரி எல்லாவற்றையும் நூற்றுக்கு ஏழு குறைத்துச் சொல்லப் போகிறார். ஜனவரி 23 சென்னையில் நிதி கொடுத்தவர்கள் முன்னால் அரங்கேற்றம். அப்புறம் அதிகாரிகள் ஊர் ஊராகப் போய் அளப்பார்கள். அளக்கட்டும்.

நான் வாயைத் திறக்கப் போவதில்லை. அதுதான் திட்டம். இத்தனை சுலபமான பழி யாருக்குக் கிடைக்கும்?

2 டிசம்பர், திங்கள்

புயல் மழை. கடைக்குள் கணுக்கால் தண்ணீர். ஏரியெல்லாம் ரொம்பி வழிகிறதாம். நல்லது. இப்ப அளந்து பாரு சார்.

12 டிசம்பர், வியாழன்

ஒரு பெண் போன் செய்தாள். காவ்யா. நெடுஞ்செழியன் சாரிடம் ஐந்தாம் வருட ஆராய்ச்சி மாணவி. பழைய கோப்பு ஒன்றில் என் பெயரைப் பார்த்தாளாம்.

"அக்கா, மதகு எழுதுனது நீங்கதானா? நான் யாரோ வெளிநாட்டுக்காரங்கன்னு நெனச்சிகினு இருந்தேன்."

நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவள் மழைக்கு அப்புறம் மூன்று ஏரியைக் கால்நடையாக அளந்திருக்கிறாள். மூன்றிலும் நீர்விழி சொல்வது அவள் அளவைவிட நூற்றுக்கு ஏழு குறைகிறது. ஏழு, ஏழு, ஏழு.

"சார் இன்னா சொல்றாரு?"

"உன் நடை தப்புன்னு சொல்றாருக்கா. திரும்ப நடக்கச் சொல்லிட்டாரு."

போனை வைத்த பிறகு ஒருவருக்கு வருமானச் சான்றிதழில் தகப்பன் பெயர் இடத்தில் அவர் பெயரையே அடித்துவிட்டேன். திரும்ப அடித்தேன்.

13 டிசம்பர், வெள்ளி

அவள் யார் எனக்கு? அவர் மாணவி. அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

2 ஜனவரி 2025, வியாழன்

காவ்யா கடைக்கே வந்துவிட்டாள்.

பெரணமல்லூர் பக்கம் ஏரி ஒன்றைச் சுற்றிவிட்டு நேராக இங்கே. முட்டி வரைக்கும் சேறு, கையெல்லாம் முள் கீறல். வரிசையில் உட்கார்ந்திருந்த செல்லம்மாள், உதவித்தொகைக்கு நாலு மாதமாக அலைகிறவள், இவளைப் பார்த்து "யாரு பெத்த பொண்ணோ, வயலுக்கு நடவுக்குப் போய் வருதா" என்று தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். இவள் அப்படியே குடித்தாள்.

நான் டீ வாங்கிக் கொடுத்தேன். அவளுடைய ஆராய்ச்சி உதவித்தொகை மார்ச்சோடு முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். அளவு நீர்விழியோடு ஒத்துப்போகாமல் சார் கையெழுத்துப் போடமாட்டார். இது ஒன்பதாவது ஏரி.

"ஒம்போதுலயும் அதே ஏழுக்கா. நடை தப்புன்னா ஒரு வாட்டி கூட வரணும், ஒரு வாட்டி கொறைய வரணும். எப்பவும் ஏழு எப்படி வரும்?"

கெட்டிக்காரி. எனக்கு நாலு வருடம் ஆனது, இவளுக்கு ஒரு மாதம்.

அப்புறம் லேப்டாப்பைத் திறந்து 214-ஆம் வரியைக் காட்டினாள். "இந்த 0.93 இன்னான்னு சாருக்கும் தெரியல. பக்கத்துல 'தேனீ'ன்னு இருக்கு. உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"தெரியலையே பாப்பா," என்றேன்.

3 ஜனவரி, வெள்ளி

தெரியலையாம். தூ.

வாய் கூசாம சொன்னியே லதா. அந்தப் பொண்ணு காலப் பாத்தியா இல்லையா? உன்ன அன்னைக்கு வெளிய அனுப்பினாங்களே, அதே ரூம், அதே ஆளு. அவள அனுப்பப் போறான். இந்த வாட்டி சேந்து தள்றது யாரு? நீதான்.

ஆனால் சொன்னால் என்ன ஆகும்? சார் இரண்டு நிமிடத்தில் அந்த எண்ணை எடுத்துவிட்டு அரங்கேற்றத்தை ஜம்மென்று நடத்துவார். நான் கொடுத்த திருத்தத்தையும் அவரே கண்டுபிடித்ததாகச் சொல்வார். என் தப்பு மட்டும் எனக்கு மிஞ்சும். மாட்டேன். அவர் தப்பிக்கிற மாதிரி ஒன்றும் செய்யமாட்டேன்.

காவ்யா?

மாட்டேன்.

17 ஜனவரி, வெள்ளி

பொங்கலுக்கு ஜெயவேல் வந்திருந்தான். பத்து வருடத்துக்கு முந்தைய தேனீக் கதையைக் குழந்தைகளுக்கு நடித்துக் காட்டி, "உங்க அம்மா செருப்ப வுட்டுட்டு ஓடுச்சு பாருங்க" என்று சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன்.

கரும்பைக் கடித்துக்கொண்டே கேட்டான். பிறகு, "நான் சுத்திப் போலாம்னுதான் சொன்னேன். நீதான் குறுக்க பூந்த," என்றான்.

"இப்ப அதுவாடா முக்கியம்?"

"அதாங்க்கா முக்கியம். அந்த எடத்துல தேனீ இருந்துச்சுன்னு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். உங்க சாருக்குத் தெரியுமா? திருடுன மாட்ட ஓட்டிகினு போயிடலாம். அதுக்கு எந்தக் கால்ல லாடம் கழண்டுச்சுன்னு கேட்டா திருடன் முழிப்பான்."

கரும்புச் சக்கையைத் துப்பிவிட்டுப் போய்விட்டான். நான் அங்கேயே நின்றேன். இத்தனை நாள் இது எனக்கு ஏன் தோன்றவில்லை?

22 ஜனவரி, புதன்

மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு எழுதினேன். மதகின் பொதுப் பக்கத்தில் போட ஒரு அறிக்கை. நான்கு தடவை கிழித்தேன். கடைசியில் மழுப்பாமல் எழுதினேன்:

2015-இல் தேவிகாபுரம் ஏரியின் மேற்குக் கரையை நான் நடக்கவில்லை. தேனீக்குப் பயந்து குறுக்கே போனேன். அதனால் ஒரு தப்பான எண்ணை மென்பொருளில் வைத்தேன். 2019-இல் அதை எடுத்தேன், ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. அது என் கோழைத்தனம். 2019-க்கு முந்தைய பதிப்பையோ, அதிலிருந்து உருவான எதையுமோ பயன்படுத்தியவர்கள் 214-ஆம் வரியைப் பார்க்கவும். காவ்யா என்ற மாணவியின் ஒன்பது ஏரி அளவுகளும் சரி. தப்பு அவள் நடையில் இல்லை, என் நடையில்.

கீழே முழுப் பெயர், ஊர். பழைய பாதைப் பதிவையும் சேர்த்தேன், மூலையில் குறுக்கே ஓடிய கோடு அப்படியே தெரிகிறது.

நாளை பதினோரு மணிக்கு அரங்கேற்றம். பதினொன்று ஐந்துக்கு இதை வெளியிடுவேன். முன்கூட்டியே சாருக்குத் தனியாகச் சொல்வதுதான் மரியாதை என்று எனக்குத் தெரியும். அந்த மரியாதை அவருக்குக் கிடையாது.

23 ஜனவரி, வியாழன்

போட்டுவிட்டேன். நிதி கொடுத்தவர்களுக்கும் மெயில் போனது. கடையில் கூட்டம், ஆனால் ஒரு விண்ணப்பமும் கண்ணில் படவில்லை.

ஒரு மணிக்குக் காவ்யா போன். அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை.

முன் வரிசையில் இருந்த அதிகாரி அம்மா போனைப் பார்த்துக்கொண்டே கேட்டாராம்: "214-ஆம் வரியில் இருக்கும் 0.93 எங்கிருந்து வந்தது?" சார், "கள ஆய்வில் இருந்து," என்றாராம். "எந்த ஏரி?" சார் தண்ணீர் குடித்தாராம். "பக்கத்தில் தேனீ என்று எழுதியிருக்கிறதே, அது என்ன?" சார் மறுபடியும் தண்ணீர் குடித்தாராம்.

ரெண்டு கிளாஸ்! ரெண்டு கிளாஸ் தண்ணி குடிச்சான்!

காவ்யாவை எழுந்து நிற்கச் சொல்லி ஒன்பது ஏரியின் அளவையும் கேட்டார்களாம். சொன்னாளாம். கடைசியில், "அக்கா, அன்னைக்கு உங்களுக்குத் தெரிஞ்சிதான் தெரியலன்னு சொன்னீங்களா?" என்றாள்.

"ஆமா," என்றேன்.

போனை வைத்துவிட்டாள்.

25 ஜனவரி, சனி

திட்டி வந்தவை பதினெட்டு. ஒருவர் எழுதியிருக்கிறார்: உன்னால் மூன்று வருட வேலை வீண், இதை நீ 2019-இலேயே சொல்லியிருந்தால் என்ன? ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து, அவர்கள் எண்ணை எப்படித் திருத்துவது என்று தனித்தனியாக எழுதினேன். இது எனக்கு வேண்டியதுதான்.

கென்யாக்காரி மட்டும் ஒரு வரி: எனக்கு அப்போதே தெரியும்.

12 பிப்ரவரி, புதன்

சாரின் பழைய கட்டுரைக்குத் திருத்த அறிவிப்பு வந்துவிட்டது. அச்சில். "இக்கட்டுரையில் பயன்பட்ட மென்பொருளும் அதிலுள்ள பிழையும் ஆரணியைச் சேர்ந்த த. புஷ்பலதாவுடையவை."

பன்னிரண்டு வருடத்தில், அந்தத் தட்டச்சு நன்றியை விட்டால், என் பெயர் முதல் தடவையாக ஆராய்ச்சி இதழில் வந்திருக்கிறது. பிழைக்குச் சொந்தக்காரியாக. பிழை என்னுடையது என்றால் மிச்சம் யாருடையது? அதை எந்த மடையனும் புரிந்துகொள்வான்.

வீட்டுக்காரர் அதை அச்செடுத்துத் தன் கடையில் புடவை அலமாரிக்கு மேலே ஒட்டிவிட்டார். "தப்புன்னு போட்டிருக்குங்க, எதுக்கு ஒட்றீங்க?" என்றேன். "ஆரணின்னு போட்டிருக்குல்ல," என்றார்.

6 மார்ச், வியாழன்

வந்தார்.

பதினோரு மணி வெயிலில், கையில் ஃபைலோடு, கடை வாசலில். தலை முழுக்க நரைத்துவிட்டது. எட்டு வருடமாக இந்த நிமிடத்துக்கு வசனம் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை.

"லதா, ஒரு அஞ்சு நிமிஷம்..."

"டோக்கன் எடுத்துக்கோங்க சார்," என்றேன்.

பதினேழு. அப்போது நடந்துகொண்டிருந்தது நான்கு.

உட்கார்ந்தார். ஒரு பக்கம் செல்லம்மாள், மறு பக்கம் ரேஷன் கார்டில் பெயர் நீக்க வந்த ஒரு குடும்பம், குழந்தை அவர் ஃபைலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. செல்லம்மாள் அவரை விசாரித்தாள்: "இன்னா சார், உனக்கும் பென்ஷன் நின்னுபூட்ச்சா?" நான் ஒரு விண்ணப்பத்தையும் அவசரப்படுத்தவில்லை. ஒவ்வொரு பெயரையும் இரண்டு தடவை சரிபார்த்தேன். என் வாழ்க்கையில் இத்தனை ஒழுங்காக வேலை செய்ததில்லை.

ஒன்றரைக்கு அவர் முறை வந்தது. நிதி கொடுப்பவர்கள் கடிதம் போட்டிருக்கிறார்கள். மென்பொருளை எழுதியவர் பெயர் முதலில் வரவேண்டும், அதைப் பராமரிக்கச் சம்பளத்தோடு ஆள் வேண்டும், இல்லையென்றால் அடுத்த தவணை இல்லை. என் சம்மதக் கையெழுத்து வேண்டும்.

"ஆள் வெக்கறது ஆராய்ச்சி ஆகாதுன்னு சொன்னீங்களே சார்."

அவர் மேசையைப் பார்த்தார். "அப்ப அப்படித்தான் விதி இருந்துச்சும்மா."

"பேர் போடக்கூடாதுன்னும் விதி இருந்துச்சா?"

நான் என் நிபந்தனைகளைச் சொன்னேன். வேலை ஆரணியில் இருந்துதான். காவ்யா ஆய்வேட்டை முதலில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும், அதன் பிறகு அவளுக்கும் இதில் ஒரு இடம். அப்புறம், பங்களித்தோர் பட்டியலை நான்தான் எழுதுவேன்.

"என் பேரு...?" என்றார். கேட்டே விட்டார் மனுஷன்.

"கண்டிப்பா இருக்கும் சார். உண்மைய எழுதுவேன்."

அவரே படிவத்தை நிரப்பினார். தட்டச்சு தெரியாது, இரண்டு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். நான் உதவவில்லை.

14 மார்ச், வெள்ளி

காவ்யாவின் ஆய்வேடு கையெழுத்தாகிப் போய்விட்டது. குறுஞ்செய்தி அனுப்பினாள். ஜனவரியில் போனை வைத்த பிறகு அவளாக அனுப்பிய முதல் செய்தி. "அக்கா, வேலைல சேர்றேன். ஆனா ஒண்ணு, இனிமே எங்கிட்ட பொய் சொன்னீங்கன்னா நான் பொதுப் பக்கத்துல போடுவேன்."

சரி என்று பதில் போட்டேன். செய்வாள்.

30 மார்ச், ஞாயிறு

காலை பஸ்ஸில் தேவிகாபுரம். நான், ஜெயவேல், காவ்யா. கோடைக்கு ஏரி பாதி வற்றிவிட்டது, ஆனாலும் தண்ணீர் ஓரமாகவே நடந்தோம். மேற்குக் கரை வந்தது. பனைமரம் அப்படியே நிற்கிறது, கூடும் இருக்கிறது, முன்னைவிடப் பெரிது. ஜெயவேல் என்னைப் பார்த்தான். நான் புடவையைத் தலையோடு போர்த்திக்கொண்டு முன்னால் நடந்தேன். எனக்கு மூன்று கொட்டு, காவ்யாவுக்கு ஒன்று. அவன் வண்டி எடுத்து வருகிறேன் என்று ஓடிவிட்டான். அவன் வண்டியே கொண்டுவரவில்லை.

சுற்றி முடித்ததும் கரையில் உட்கார்ந்து மதகைக் கேட்டோம். நடையும் அதுவும் ஒத்துப்போயின. பத்து வருடம் கழித்து.

வீட்டுக்கு வந்து, வீங்கிய கையோடு புதிய பதிப்பை வெளியிட்டேன். எழுதியவர்: த. புஷ்பலதா. களஅளவு: காவ்யா, ஜெயவேல். கீழே நன்றிப் பட்டியல். அதில் ஒரு பெயர் போன வாரமே எழுதி வைத்திருந்தேன்: நான்கு வருடம் மேசையும் மின்விசிறியும் அளித்ததற்கு, பேராசிரியர் நெடுஞ்செழியன்.

கொஞ்சம் யோசித்து, அவருக்கு மேலே இன்னொரு வரி சேர்த்தேன்: தேவிகாபுரம் மேற்குக் கரைத் தேனீக்கள்.